வீடு திரும்பும் படகு

படகு வாங்குவது பெரிய காரியமல்ல. வாங்கிய படகை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய காரியம். யானையைத் தானமாகப் பெற்றவன் கதைதான். துறையில் கட்டி வைத்தால் இடத்துக்கு வாடகை. அடியில் படியும் பாசியைச் சுரண்டக் கூலி. புயல் வந்தால் தூக்கமில்லை. மேல்நாட்டில் பாய்மரப் படகு வெகுகாலம் சீமான்களின் விளையாட்டாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேலியைப் பிரித்தவர்கள் கடலை வென்ற வீரர்கள் அல்லர். தரையைப் பற்றி யோசித்தவர்கள்.

அவர்களில் ஒருவர் ஜான் மக்கிரெகர் என்ற லண்டன் வக்கீல். 1865-ல் 'ராப் ராய்' என்ற ஒற்றை ஆள் படகில் ஐரோப்பிய நதிகளைச் சுற்றி வந்தார். துடுப்புத்தான் முக்கியம், காற்று வாய்த்தால் சின்னஞ்சிறு பாயையும் விரித்துக் கொள்வார். ஒரு நதிக்கும் அடுத்த நதிக்கும் நடுவே படகு ரயிலிலும் வண்டியிலும் பிரயாணம் செய்தது. எடை 80 ராத்தல். நீளம் 15 அடி. ஏன் 15 அடி? ஜெர்மன் ரயில் வண்டிக்குள் அந்த அளவுதான் நுழையும்! நீரில் ஓடும் படகுக்குத் தரையில் ஓடும் வண்டி அளவெடுத்துக் கொடுத்தது. இந்த வேடிக்கையில்தான் பின்னால் வந்த சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன்.

ஆனால் மக்கிரெகர் அப்போது கையில் காசுள்ள பிரம்மசாரி. மாதச் சம்பளக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடலில் இறங்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் 'மிரர்' என்ற படகு வந்தது. 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவு அதற்கு. ஜாக் ஹோல்ட் என்ற படகுச் சிற்பியும், டெலிவிஷனில் வீட்டுத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து அமைத்தது. விலை 63 பவுன் 11 ஷில்லிங். ஒட்டுப் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழை நாடா வைத்துப் பிசின் பூசினால் படகு தயார். நீளம் 10 அடி 10 அங்குலம். உடல் எடை 45 கிலோவுக்குச் சற்றே அதிகம். பாய்மரம் கூட இரண்டு துண்டு. கழற்றினால் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். காரின் கூரையில் கட்டலாம். பின்னால் டிரெய்லரில் இழுக்கலாம். இதுவரை 70,000-க்கு மேல் பிறந்துவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு குடும்பம் இத்தகைய படகை இறக்குவதைப் பார்த்தேன். நீருக்குள் இறங்கும் சாய்தளத்தின் மேலேயே காரை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்கள்.

"எதற்குக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சக்கரம் சூடாக இருக்கிறது" என்றாள் பத்து வயதுப் பெண்.

ஓடி வந்த சூட்டோடு நீரில் இறக்கினால், சட்டென்று குளிர்ந்து, சக்கரத்தின் குடம் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக் கொள்ளுமாம், பேரிங்கு துருப்பிடித்துவிடுமாம். பிறகு தலைக்கு மேலே மின்சாரக் கம்பி இல்லையென்று அண்ணாந்து பார்த்துப் பாய்மரத்தை நிறுத்தினார்கள். படகு நீரைத் தொடும் சமயம், "தக்கை!" என்று கத்தினான் பையன். அடித் துவாரத்துக்குத் தக்கை வைக்க அப்பா மறந்திருந்தார். அசட்டுச் சிரிப்போடு வைத்தார். சிவப்புப் பாய் விரிந்தது. எதிர்க்கரை மணல் திட்டில் சாப்பிட்டுவிட்டு, மாலையில் படகோடு வீடு திரும்புவார்கள்.

அன்றிரவு எனக்கு நம் கட்டுமரந்தான் நினைவுக்கு வந்தது. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். துறைமுகம் கேளாத படகு அது. இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகள் அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டன. அவர்களுக்குக் கடல் உல்லாசமல்ல, பிழைப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன்.

நானோ மெரினாவில் சுண்டல் தின்று, முழங்கால் நனையாமல் வீடு திரும்பியே வயதைக் கழித்தவன். படகு வைத்துக்கொள்ள வசதியில்லை என்று காரணம் சொல்லி வந்தேன். அந்தக் குடும்பத்தைப் பார்த்த பிறகு, அப்படிச் சொல்ல வாய் கூசுகிறது.