உடல் பிடித்துவிடுதல்: வகைகளும் பலன்களும், கை வைக்கக் கூடாத இடங்களும்



எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி என்றால் பெரும்பாலும் குழித்தறிதான். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிபலகைகளை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவைக் கையால் ஓட்டி, காலை முதல் மாலை வரை முன்னால் குனிந்தபடியே நெய்ய வேண்டும். தறியை விட்டு எழும் நெசவாளி முதலில் செய்வது இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி மெல்ல நிமிர்வதுதான். ஆண்டுக்கணக்கில் இப்படி உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு, கழுத்து, தோள்பட்டை, கெண்டைக்கால் ஆகிய நான்கில் ஒன்றாவது பிடித்துக்கொள்ளாமல் இருப்பதில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துப் போடும் நம் பிள்ளைகளுக்கும், கணினி முன் உட்காரும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

ஜும்ஆ முடிந்து மஸ்ஜிதை விட்டு வெளியே வரும்போது, "ஹஜ்ரத், இடுப்புக்கு மாலிஷ் போடலாமா? எங்கே போனால் நல்லது?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் மருத்துவன் அல்ல. ஆனால் கேட்பவர்களில் பலர் எண்ணெய் தேய்ப்பதையும் எலும்பை நெட்டி முறிப்பதையும் நரம்பைத் தட்டுவதையும் ஒரே 'மசாஜ்' என்ற பெயரில் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். இவை வெவ்வேறு. ஒன்று ஆறுதல் தரும், இன்னொன்று தவறான கையில் ஆளையே முடக்கிவிடும். அதனால் படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

தல்க்: யூனானி சொல்லும் அளவு

யூனானி மருத்துவத்தில் உடலைத் தேய்த்துவிடுவதற்கு 'தல்க்' என்று பெயர். மருந்து கொடுக்காமல் உடலின் நடைமுறையைச் சீர்செய்து குணப்படுத்தும் 'இலாஜ் பித் தத்பீர்' என்ற பிரிவில் இது வருகிறது. ஹிஜாமா, ஹம்மாம், உடற்பயிற்சி எல்லாம் அதே பிரிவில் இருப்பவைதான்.

இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் தல்க்கைப் பிரித்திருக்கும் விதம் இன்றைக்கும் பயன்படக்கூடியது. அழுத்தித் தேய்த்தால் உடல் இறுகும். மென்மையாகத் தேய்த்தால் தளரும். நெடுநேரம் தேய்த்தால் உடல் மெலியும். மிதமாகத் தேய்த்தால் சதை பிடிக்கும். முரட்டுத் துணியால் தேய்த்தால் இரத்தம் தோலின் மேற்பரப்புக்கு வரும். உள்ளங்கையாலோ மெல்லிய துணியாலோ தேய்த்தால் இரத்தம் அந்த உறுப்பிலேயே சேர்ந்து நிற்கும். உடற்பயிற்சிக்கு முன் உடலைத் தயார்ப்படுத்தத் தேய்ப்பது ஒரு வகை என்றும், பயிற்சி முடிந்தபின் களைப்பை நீக்கத் தேய்ப்பது இன்னொரு வகை என்றும் அவர் பிரிக்கிறார். இன்றைய விளையாட்டு வீரர்களுக்குச் செய்யப்படும் மசாஜும் இதே முன், பின் கணக்கில்தான் நடக்கிறது. மெலிவது, சதை பிடிப்பது பற்றி அவர் சொன்னதை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்காது. ஆனால் 'எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், எந்த உடலுக்கு' என்ற மூன்று கேள்விகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முன்வைத்திருக்கிறார். நம் ஊரில் மாலிஷ் போடுபவர்களில் எத்தனை பேர் இந்த மூன்றையும் கேட்கிறார்கள்?

தமிழ்நாட்டில் யூனானி படித்த மருத்துவரைப் பார்க்க விரும்புவோர் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யூனானி மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். 1979இல் தொடங்கப்பட்டது. வலியுள்ள மூட்டுகளுக்கு ரோகனே பாபூனா, ரோகன் சுர்க் போன்ற எண்ணெய்களை யூனானியில் பயன்படுத்துகிறார்கள்.

தொக்கணம்: சித்தர்களின் ஒன்பது

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம், வேது என்று போகும் அந்தப் பட்டியலில் தொக்கணமும் ஒன்று. தொக்கணத்துக்குள்ளேயே ஒன்பது செயல்கள் சொல்லப்படுகின்றன: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். பெயரைக் கேட்டாலே செயல் புரிந்துவிடும்; தமிழின் அழகு அது. வாத நோய்களுக்கு வாத கேசரி தைலம், கற்பூராதி தைலம் போன்றவற்றை இளஞ்சூடாக்கித் தொக்கணம் செய்வார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், மாவட்ட அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவிலும் ஆலோசனை கேட்கலாம். தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வர்மம் தொக்கணத்திலிருந்து வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசான்கள் வழிவழியாகக் கற்பித்து வரும் கலை. உடலின் குறிப்பிட்ட புள்ளிகளைத் தூண்டியும் அழுத்தியும் செய்வது. தற்காப்புக் கலையோடு பிறந்ததால், குணமாக்கும் அதே புள்ளியில் காயப்படுத்தவும் முடியும் என்று ஆசான்களே சொல்வார்கள். காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

கேரள முறைகளும் மேல்நாட்டு முறையும்

ஆயுர்வேதத்தில் உடல் முழுக்க எண்ணெய் தேய்ப்பது அப்யங்கம். பிழிச்சில் என்பது இளஞ்சூடான தைலத்தில் துணியை நனைத்து உடலில் பிழிந்துகொண்டே தடவுவது. ஞவரக்கிழி என்றால் ஞவரை அரிசியைப் பாலும் குறுந்தோட்டிக் கஷாயமும் சேர்த்து வேகவைத்து, துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பது. மெலிந்த தசைக்கு இதைச் சொல்வார்கள். களரி வீரர்களுக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலாலேயே மிதித்துத் தேய்க்கும் சவிட்டி உழிச்சிலும் உண்டு. அது பயிற்சி பெற்ற இளம் உடலுக்கு; அறுபது வயது அத்தாவுக்கு அல்ல.

இன்று மசாஜ் நிலையங்களில் 'ஸ்வீடிஷ்' என்று எழுதியிருப்பது நீவுதல், பிசைதல், உரசித் தேய்த்தல், தட்டுதல், அதிர்வு கொடுத்தல் என்ற ஐந்தின் கலவை. ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங் என்பவரின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் இந்த அசைவுகளுக்கு இன்று வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களைப் பரப்பியவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் மெட்ஸ்கர். பிசியோதெரபியில் கையாளும் பல அசைவுகள் இந்த வழியில் வந்தவை. தாய்லாந்து முறையில் எண்ணெய் இல்லை. உடையோடு படுக்கவைத்து நீட்டி, மடக்கி, அழுத்துவார்கள். 2019இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொருட்காட்சிகளில் கால் வைக்கும் இயந்திரத்தோடு விற்கப்படும் பாதப்புள்ளி சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை: கால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளங்காலில் இந்த இடம் சிறுநீரகம், அந்த இடம் கல்லீரல் என்பதற்கு நிரூபணம் கிடையாது.

இடையில் ஒரு வரலாற்றுச் செய்தி. ஆங்கிலேயர்களுக்கு 'ஷாம்பூ' என்ற சொல் கிடைத்ததே நம் நாட்டுச் 'சம்பி'யிலிருந்துதான். முதலில் அதன் பொருள் தலைக்குத் தேய்க்கும் நுரை அல்ல, உடல் பிடித்துவிடுதல். பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1759இல் பிறந்த தீன் முஹம்மத், இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியலும் மாலிஷும் தரும் நிலையத்தை நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே மாலிஷ் நிபுணராக நியமிக்கப்பட்டார். 1822இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

உண்மையில் என்ன பலன்?

தசை இறுக்கம் தளர்கிறது, உடல் இளைப்பாறுகிறது, பலருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. நாள்பட்ட இடுப்புவலிக்கு மசாஜ் சில நாள், சில வாரம் தணிவு தரும். நீண்ட காலத்துக்கு அது மட்டும் போதும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வலி திரும்பி வருவதைத் தடுக்க உட்காரும் முறை மாற வேண்டும், இடைவெளி விட்டு எழுந்து நடக்க வேண்டும், முதுகுத் தசைக்குப் பயிற்சி வேண்டும். வாரம் ஒரு மாலிஷ் போட்டுக்கொண்டு, பத்து மணி நேரம் அசையாமல் தறியில் உட்காரும் நண்பர் ஒருவரிடம் இதைத்தான் சொன்னேன். "தறி நின்றால் கூலி நிற்கும் ஹஜ்ரத்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நிற்கவாவது செய்கிறாரா என்று இப்போது பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன்.

வீட்டில் பெற்றோருக்குக் கை கால் பிடித்துவிடுவது தனி. அதற்குப் படிப்பு வேண்டாம். இதமான கையும் பொறுமையும் போதும். பாதத்திலிருந்து மேல்நோக்கி மெல்ல நீவுங்கள். எலும்பின் மேல் அழுத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடான எண்ணெயோ ஒற்றடமோ சுடுவது அவருக்கே தெரியாது. உங்கள் கையில் சூடு பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

கட்டுரையின் முக்கியப் பகுதி இதுதான். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'டக்' என்று திருப்புவார்கள். சொடக்கு விழுந்தால் சுகம் என்று நம் இளைஞர்கள் கேட்டே வாங்கிக்கொள்கிறார்கள். கழுத்தெலும்புகளின் ஓட்டை வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று இரு பக்கமும் ஏறுகிறது. திடீர்த் திருப்பத்தில் அதன் உட்சுவர் கிழிந்தால், அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் வாழ்நாள் முழுக்க. 'கழுத்தைத் திருப்ப வேண்டாம்' என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

முகம் கோணுதல், ஒரு கை விழுந்துபோதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இந்த நேரத்தில் தைலம் தேய்க்க உட்காருவதும், கட்டுப் போடும் ஊருக்கு வண்டி பிடிப்பதும் பெரும் தவறு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே 108ஐ அழையுங்கள். தொக்கணமும் பிசியோதெரபியும் அதன்பிறகு, மருத்துவர் சொல்லும்போது.

ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தேய்க்கவே கூடாது. ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கும். பிரசவமான பெண்களுக்கும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கும், நீண்ட பயணம் போய்வந்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். நாற்பது நாளுக்குள் மகளுக்குக் கால் வலிக்கிறது என்றால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிசேரியன் ஆன வயிற்றை அழுத்துவதும் கட்டுவதும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

பச்சிளம் குழந்தைக்கு எண்ணெய் தடவி மெல்ல நீவுவது நல்லது. குழந்தை இதமாகத் தூங்கும். ஆனால் குளிப்பாட்டும் பாட்டிமார் அன்போடு செய்யும் சில காரியங்களை நிறுத்தியே ஆக வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தலையை உருட்டி வடிவம் கொடுப்பது, மார்புக் காம்பைப் பிதுக்குவது எல்லாம் அதில் சேரும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பிதுக்கிய மார்பில் சீழ் கட்டும். நன்னியின் மனம் நோகாமல் சொல்வது மருமகளால் ஆகாது. மகன்தான் சொல்ல வேண்டும்.

இவை தவிர காய்ச்சல், எலும்பு முறிவு என்ற சந்தேகம், புற்றுநோய்க் கட்டி, தோலில் புண், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுதல் ஆகியவை இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மசாஜ் வேண்டாம்.

நம் மார்க்க வரம்பு

சிகிச்சை செய்துகொள்வது அனுமதிக்கப்பட்டது மட்டுமல்ல, நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்ததும்கூட. ஆனால் ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமே செய்ய வேண்டும். அப்போதும் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மறைத்திருக்க வேண்டும். தகுந்த மருத்துவர் வேறு கிடைக்காத கட்டாயத்தில், தேவையான இடம் வரை, தேவையான அளவு மட்டும் சலுகை உண்டு. களைப்புப் போக்கும் பொழுதுபோக்கு மசாஜுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நிலையத்துக்குப் போகும் முன் செய்பவர் யார், என்ன படித்தவர் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எண்ணெய் தேய்த்தால் ஒளு முறியாது. தோலில் எண்ணெய்ப் பசை இருக்கும்போது ஒளு செய்தாலும், தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடினால் கூடிவிடும். மெழுகுபோல் கெட்டியாகப் படிந்து தண்ணீரைத் தடுக்கும் களிம்பாக இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். நோன்பு நேரத்தில் உடலில் தைலம் தேய்ப்பதால் நோன்பு முறியாது. மூக்கில் விடும் சொட்டு மருந்து உள்ளே சென்றால் முறிந்துவிடும். எனவே ரமளானில் நசியம் செய்யச் சொன்னால், அதை இஃப்தாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.