போவன்பள்ளி உயிரிவாயு நிலையம்

ஐதராபாத்தின் வடக்கே, போலாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள போவன்பள்ளி காய்கறிச் சந்தையின் கழிவிலிருந்து மின்சாரமும் எரிவாயுவும் எடுக்கும் நிலையம். தார்நாகாவிலுள்ள இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம் காப்புரிமை பெற்ற முறையில் இது இயங்குகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் தெலங்கானா வேளாண் சந்தைத் துறையும் நிதி அளித்தன. பிரதமர் நரேந்திர மோடி 2021 ஜனவரி 31 அன்று வானொலி உரையில் பாராட்டிய பிறகு இந்நிலையம் நாடெங்கும் பேசப்பட்டது.

நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிவாயுவும் கிடைப்பதாக அப்போது அறிவிக்கப்பட்டது. மின்சாரம் சந்தையின் விளக்குகளுக்கும் கடைகளுக்கும் அலுவலகத்துக்கும் தண்ணீர் வழங்கலுக்கும் போகிறது. எரிவாயு சந்தை உணவகத்தின் அடுப்பில் எரிகிறது.

நசுங்கிய தக்காளி, கோஸ் இலை, கீரைத்தண்டு எல்லாம் முதலில் நகரும் பட்டையில் ஏறி, துண்டாக்கும் இயந்திரத்துக்கும் பிறகு அரைவைக்கும் சென்று, கூழாகிக் காற்றுப் புகாத கலனில் இறங்குகின்றன. அங்கே பாக்டீரியாக்களின் நொதிகள் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் சர்க்கரையாக உடைக்கின்றன, சர்க்கரை அமிலமாகிறது, கடைசியில் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. காய்கறி சீக்கிரம் புளிப்பதுதான் தொல்லை. அமிலம் மிஞ்சினால் ஆர்க்கியா முடங்கிவிடும், வாயு நின்றுபோகும். எனவே கலக்குவதும் ஊட்டும் அளவும் முக்கியம். இங்கு உள்ளே உருவாகும் வாயுவையே அடியிலிருந்து செலுத்திக் கூழைக் கலக்குகிறார்கள். உண்மையில் இந்நிலையத்தின் திறமை கலனின் வடிவமைப்பில் இருக்கிறது, நுண்ணுயிர்கள் இயற்கையானவை.

நுண்ணுயிரையே திருத்தும் வேலை வேறிடங்களில் நடக்கிறது. பெனிசிலியம் ஃபுனிகுலோசம் என்ற பூஞ்சை, சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் நாரை உடைக்கும் செல்லுலேஸ் நொதியைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சுரப்பைத் தடுத்துவைக்கும் மிக்1 மரபணுவைச் சிதைத்து, நொதிச் சுரப்பைக் கூட்டிக் காட்டினர் டெல்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மைய ஆய்வாளர்கள் (2018). இத்தகைய நொதிகள் வைக்கோலை எத்தனாலாக்கும் ஆலைகளுக்கு உயிர்நாடி. இந்தியன் ஆயிலின் அத்தகைய ஆலை பானிபட்டில் 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சந்தைக் கழிவில் திருத்திய உயிரியை விடுவது எளிதன்று. கழிவோடு வரும் காட்டு நுண்ணுயிர்க் கூட்டம் அதை விரைவில் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆலையில் தனியே வளர்த்து, நொதியை மட்டும் பிரித்துக் கழிவில் சேர்ப்பதே நடைமுறைக்கு உகந்த வழி. மரபணு மாற்றிய நுண்ணுயிரைக் கையாள, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 1989-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி முன் அனுமதியும் வேண்டும்.