ஜவ்வாது மலையில் கிராம சுகாதாரக் குழுக்கள்

ஊர்ச் சுகாதாரத்தைப் பற்றி ஊராரே கூடிப் பேசி முடிவெடுப்பதற்கான அமைப்பு, கிராம சுகாதாரம், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியே இது வந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் ஊராட்சிகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தில் மட்டும் 11 ஊராட்சிகள் உள்ளன.

2013ஆம் ஆண்டின் நடுவண் அரசு வழிகாட்டுதல்படி, குழுவில் குறைந்தது 15 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். குக்கிராமங்களுக்கும் இடம் தரவேண்டும். மலையில் உயிரான விதி இந்தக் கடைசி விதிதான். ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் காட்டுக்கும் கொல்லைக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டால் பக்கத்து ஊர்க்காரர்தான் வருவார். சாமை அறுப்பை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு மலைப்பாதையில் நடந்து வர எந்தத் தாயாலும் முடியாது.

குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிபந்தனையற்ற நிதி என்பது திட்டத்தின் அளவு. குடிநீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் வாங்கலாம், அவசரத்துக்கு வண்டி பிடிக்கலாம். ஆனால் வண்டி வரப் பாதை வேண்டும். பாதை இல்லாத ஊர்களில் மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நோயாளியை அதில் கிடத்தி, முன்னும் பின்னும் ஆள் மாற்றித் தோள் கொடுத்துத்தான் இறக்குகிறார்கள். இதை ‘டோலி’ என்பார்கள். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உயிர் இழந்தபோது, சாலை இல்லாத அவலத்தை மாநிலமே பேசியது. காப்புக்காட்டில் சாலை போட வனத்துறையின் அனுமதி தேவை. சுகாதாரக் குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை.

சட்டத்திலும் ஒரு குறை உண்டு. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடிக் கிராமசபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கு செல்லாது. ஆனாலும் கூடிப் பேசுவது இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குப் புதிதன்று. ஊர்க்கவுண்டர், நாட்டார் என்ற தலைமை முறை அவர்களிடம் இருந்தது; புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற ஊர்ப்பெயர்களில் அந்த ‘நாடு’ இன்றும் நிற்கிறது. அந்தப் பழைய கூட்டங்களில் பெண்கள் குரல் கேட்டது குறைவு. அங்கன்வாடிப் பணியாளரும் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் உட்காரும் புதிய குழுவில் அது கேட்க வாய்ப்பு உள்ளது.

இப்படி மக்கள் குரலுக்கு இடம் தந்த முன்மாதிரிகள் உண்டு. பிரேசிலில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிச் சுகாதார மன்றங்களில் பாதி இடத்தைச் சேவை பெறும் மக்களுக்கே தந்தது. இந்தியாவில் 2007 வாக்கில் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு முயற்சி நடந்தது. சுகாதாரச் சேவைகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓர் அட்டையில் நிறத்தால் மதிப்பெண் இட்டார்கள். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய அந்த அட்டை மலையூர்களுக்கு மிகவும் ஏற்றது.

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சுகாதாரக் குழுவின் வரவு செலவை அங்கே எழுந்து கேட்கலாம்.