தியாங்கிஸ்: அழியாத ஒரு சந்தைச் சொல்



"1521-ல் ஸ்பெயின் நாட்டுக் கோர்டெஸ் அஸ்டெக் பேரரசை வீழ்த்தினார்." இந்த வரியைக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த மக்கள் எதை வாங்கினார்கள், எதை விற்றார்கள் என்று ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பாக்கியை இன்று தீர்க்கிறேன்.

அஸ்டெக் மக்கள் பேசியது நவாட்ல் மொழி. அதில் சந்தைக்குப் பெயர் 'தியான்கிஸ்த்லி'. தலைநகரை ஒட்டியிருந்த த்லாதெலோல்கோ சந்தையில் நாள்தோறும் 60,000 பேருக்கு மேல் கூடினார்கள் என்று கோர்டெஸே தம் மன்னருக்கு எழுதினார். பேரரசின் கடைசிச் சண்டை முடிந்ததும் அதே இடத்தில்தான்.

'நமாக்காக்' என்றால் விற்பவர். நாம் பூக்காரர், மீன்காரர் என்பதுபோல, பொருளின் பெயரோடு அதைச் சேர்த்துக்கொள்வார்கள். உப்பு 'இஸ்தத்ல்'; உப்பு விற்பவர் 'இஸ்தநமாக்காக்'. தொலைதூரம் போய் வணிகம் செய்தவர்கள் 'போச்டேக்கா'.

சில்லறைக் காசு எது தெரியுமா? சாக்லேட் செய்யும் கொக்கோ விதை! காசு என்று வந்தால் கள்ளக்காசும் வருமே. மெழுகை வைத்துப் போலி விதை செய்தவர்களைப் பற்றி, சஹாகுன் என்ற பாதிரியார் அந்த மக்களிடமே கேட்டு நவாட்லில் எழுதிவைத்திருக்கிறார்.

பேரரசு போய் 24 ஆண்டுகள் கழித்து, 1545-ல், த்லாஸ்கலா ஊரில் நவாட்லில் எழுதிய ஒரு விலைப்பட்டியல் கிடைத்திருக்கிறது. பெட்டை வான்கோழி 100 விதை. புதிதாகப் பறித்த அவகாடோ 3 விதை. பெரிய தக்காளி 1 விதை. ஆட்சி மாறியும் விலை சொல்லும் முறை மாறவில்லை.

ஏன்? வென்றவனுக்கும் பசிக்கும். கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அவள் சொல்லிலேயே அவன் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதனால் 'தியான்கிஸ்த்லி' ஸ்பானிய மொழிக்குள் நுழைந்து 'தியாங்கிஸ்' ஆனது. மெக்சிகோவில் இன்றும் தெருவோர வாரச் சந்தைக்கு அதுதான் பெயர். நவாட்ல் பேசுவோர் இன்றும் சுமார் 16 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நாம் சொல்லும் சில்லி, டொமேட்டோ, அவகாடோ எல்லாம் அவர்கள் தந்த சொற்களே.

பழைய வரலாற்று நோட்டில் அந்த 1521 வரிக்குக் கீழே, நான் விட்ட வரியை இப்போது எழுதிக்கொள்ளுங்கள்: "பேரரசு வீழ்ந்தது; சந்தை மறுபடியும் கூடியது."

அன்புடன், உங்கள் ஆசிரியர்.