துண்டும் குடிக்கூலி வீடும்

கிள்ளானிலும் மேருவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடிக்கூலிக்கு வீடு தேடும் நம்மவரிடம் வீட்டுக்காரர் சிலர் இந்நாளில் முன்பணத்தோடு கடன் அறிக்கையும் கேட்கின்றனர். என்றோ கட்டத் தவறிய மோட்டார் சைக்கிள் தவணை அதில் இருக்குமாயின், வந்தவன் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான். இதை நவநாகரிகத்தின் புதுக் கொடுமை என்று பலர் எண்ணுகின்றனர். கடன் எழுதிய காகிதத்தைப் பார்த்துக் கூரை கொடுக்கும் வழக்கத்தில் நம் இனத்தார் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உழன்றவர்கள். அவ்வழக்கத்தின் முழு உருவத்தைக் காண, மலாயாவை விட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒருமுறை போய்வருதல் வேண்டும்.

அங்கே அக்காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்தை விட்டுப் போக விரும்பினால், இவ்வளவு ரூபாய் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். துண்டில்லாதவனுக்கு வேறிடத்தில் வேலை கிடைப்பது அரிது. வேலையில்லாதவனுக்கு லயத்தில் காம்பராவும் இல்லை. ஆகவே, ஒருவன் எங்கே உழைப்பது என்பதோடு எங்கே உறங்குவது என்பதையும் அவன் கடனே தீர்மானித்தது. கட்டிய பணத்தால் கடன் ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. பழைய துரைக்குக் கொடுத்த தொகை புதிய துரையின் பேரேட்டில் ஏறிற்று. ஆள் பஞ்சமான காலத்தில் சில கங்காணிகள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிக முன்பணம் தருவோர் யாரென்று தோட்டந்தோறும் அலைந்ததும் உண்டு. அந்தப் பாரமும் இறுதியில் தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது.

அக்கடன் எதனால் ஆயது? ஊரிலிருந்து அழைத்துவந்த வழிச்செலவு, கம்பளி, அரிசி, கல்யாணம், கருமாதி. கடன் கொடுத்தவன் கங்காணி. கணக்குச் சொன்னவனும் அவனே. எழுத்தறியாத கடனாளியால் அதைப் படிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. துண்டின் கொடுமை முக்கியமாக இதில்தான் இருந்தது என்பது நமது அபிப்பிராயம். கடன் கொடுப்பவன் விசாரிப்பது உலக இயல்பு. விசாரிக்கப்படுபவன் தன் கணக்கைத் தானே காணமுடியாமற் போவதை எவ்விதம் பொறுப்பது? இந்தியாவில் எழுந்த கண்டனமும் துணைசெய்ய, 1921-ம் வருஷத்துச் சட்டம் துண்டை ஒழித்தது. வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கித் தண்டிக்கும் முறையும் அதனோடு நீங்கிற்று.

மலாயாவில் வழி வேறாயிருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907-ல், தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. 1972-க்குப் பின் போர்ட் கிள்ளான் என்று பெயர் பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாமில், அந்நிதியால் வந்தவன் கப்பற்கடன் இல்லாமலே இறங்கினான். ஏட்டளவில் இஃது பெரிய முன்னேற்றந்தான். ஆனால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போயிற்று. கப்பற்கடன் இல்லாதவனைக் கடைக்கடன் பிடித்துக்கொண்டது. கள்ளுக்கடையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பட்டணத்துக் கிராணிகளும் ரயில்வே ஊழியரும் செட்டியார் கிட்டங்கிகளில் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்தனர். அவர்களுக்கும் குவார்ட்டர்ஸ் உத்தியோகத்தோடு ஒட்டியதே.

பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் தொழிற்சாலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் வாடகை வீடு தேடின. வேலை வேறு, வீடு வேறு என்ற நிலை அவர்களுக்கு அப்போதுதான் வந்தது. அதனோடு வீட்டுக்காரர் என்ற புது மனிதரும் வந்தார்.

அவர் கேட்கும் அறிக்கை எங்கிருந்து வருகிறது? சிடோஸ் என்னும் கம்பெனி 1990-ல் தொடங்கியது. பேங்க் நெகாராவின் சிக்ரிஸ் பதிவேடு 2001-ல் ஏற்பட்டது. அதன் அறிக்கை கடந்த 12 மாதத்துத் தவணைக் கணக்கைக் காட்டும். அதைக் கறுப்புப் பட்டியல் என்று ஜனங்கள் அஞ்சுவது தவறு. ஒழுங்காய்க் கட்டியவன் பெயரும் அதில் இருக்கிறது. 2014-ல் அமலுக்கு வந்த கடன் அறிக்கை நிறுவனச் சட்டம், இலங்கைத் தொழிலாளிக்குக் கிட்டாத இரண்டை நமக்குக் கொடுத்திருக்கிறது: தன் அறிக்கையைத் தானே பார்க்கும் உரிமை, பிழையைத் திருத்தக் கோரும் உரிமை. நமது சம்மதம் இன்றி வீட்டுக்காரர் அதை வாங்கவும் இயலாது. இவ்வுரிமைகளைப் பயன்படுத்துவோர் நம்மில் மிகச் சிலர். கடனைத் தீர்த்தபின் தீர்வுக் கடிதம் வாங்காமலே திரும்புகிறோம். வழக்குத் தீர்ந்தும் பதிவு பழையபடியே நிற்குமாயின், அக்கடிதத்தைக் காட்டித்தான் திருத்தக் கேட்கவேண்டும். தவணையை அடியோடு கட்டமுடியாதவருக்கு, 2006-ல் ஏற்பட்ட ஏ.கே.பி.கே. இலவசமாகவே ஆலோசனை சொல்லித் திட்டம் வகுத்துத் தருகிறது.

காகிதத்தை முற்றும் பழிப்பதற்கும் நமக்கு மனமில்லை. இந்தியருக்கு வாடகைக்கு இல்லை என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்யும் வீட்டுக்காரர் இந்நாட்டில் உண்டு. தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரிடம், ஒழுங்காய்க் கட்டிவந்த 12 மாதக் கணக்கும் சம்பளச் சீட்டும் நமக்காகச் சிறிதேனும் வாதாடும். முன்னே தவறியவனும், பின்னே திருந்திக் கட்டியதை அவ்விதம் காட்டலாம்.

அறிக்கையைத் தாண்டினாலும் முன்பணம் நிற்கிறது. இரண்டு மாத வாடகை வைப்பு, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்பதே பொது வழக்கம். 1,000 வெள்ளி வீட்டுக்கு 3,500 வெள்ளி ஒரே நாளில் வேண்டும். அதைத் திரட்ட ஆலோங்கிடம் போகிறவன் புது வீட்டில் பழைய துண்டோடு குடியேறுகிறான். இதற்கு மருந்து இம்மண்ணிலேயே இருந்தது. 1922-ல் தபால் தந்தி ஊழியர் சிக்கன நாணயச் சங்கம் பதிவாயிற்று. யுத்தத்துக்கு முன்பே தோட்டத் தொழிலாளரும் அத்தகைய சங்கங்களில் காசு சேர்த்தனர். மேருவில் ஓர் அடுக்கு வீட்டிலுள்ள ஐம்பது குடும்பங்கள் மாதம் இருபது வெள்ளி போட்டால், மாதந்தோறும் 1,000 வெள்ளி சேரும். நான்கு மாதத்துச் சேமிப்பு ஒரு குடும்பத்தின் முன்பணத்துக்குப் போதும். அக்குடும்பம் அதைத் தவணையில் திருப்பிக் கட்டலாம். கணக்குப் புத்தகம் எல்லோர் கண்முன்னும் விரித்து வைக்கப்படவேண்டும்.