அதிரீனல் கட்டியும் சாவித்துவார சத்திரசிகிச்சையும்

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம் எடையுள்ளவை. 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்றியலாளர் யூஸ்டாக்கி இவற்றை விவரித்திருந்தார். ஆனால், இவை பழுதானால் உயிருக்கே ஆபத்து என்பதை 1855இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் அடிசனின் நூல்தான் உணர்த்தியது. 1889இல் நோஸ்லி தோர்ன்டன் என்னும் ஆங்கிலேய சத்திரசிகிச்சையாளர் அதிரீனல் கட்டியொன்றை அகற்றினார்.

இச்சுரப்பியில் வளரும் பியோகுரோமோசைற்றோமா என்ற கட்டியே மருத்துவர்களை அதிகம் அச்சுறுத்தியது. கை பட்டதும் அது அதிரீனலினைக் கொட்டும். இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். கட்டியை எடுத்ததும் அதே வேகத்தில் இறங்கும். 1926இல் லோசானில் சீசர் ரூவும் அமெரிக்காவின் ரொசெஸ்டரில் சார்ள்ஸ் மேயோவும் இத்தகைய கட்டிகளை அகற்றி நோயாளரைக் காப்பாற்றினர். பிற்காலத்தில் அல்பா தடுப்பு மாத்திரைகளை ஓரிரு வாரம் முன்பே கொடுத்து அழுத்தத்தைத் தணிக்கும் முறை வந்தது. கத்தியைவிட இந்த முன்னேற்பாடே அதிக உயிர்களைக் காத்தது எனலாம்.

காயம் மட்டும் சிறுக்கவில்லை. கைவிரல் நுனியளவுக் கட்டிக்கும் வயிற்றையோ விலாவையோ நீளமாகக் கீற வேண்டியிருந்தது. சிலருக்கு விலா எலும்பையும் வெட்டினர். 1992இல் மொன்றியலில் மிஷேல் காஞ்ஞேயும் சகாக்களும் சாவித்துவார முறையில் அதிரீனலை அகற்றியதை அறிவித்ததும் நிலைமை மாறியது. நோயாளரை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தினால் குடலும் மண்ணீரலும் தாமாகவே விலகி வழிவிடும். காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, மூன்று நான்கு சிறு துளைகளினூடே கமராவும் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. வலப்பக்கத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்: அங்கே சுரப்பியின் நாளம் மிகக் குறுகியது, நேரே பெருநாளத்தில் சேர்வது, அது கிழிந்தால் இரத்தம் பெருகும். நாளத்தைக் கிளிப் போட்டு வெட்டியபின் சுரப்பியைப் பைக்குள் இட்டு வெளியே எடுப்பர். பின்னர் ஜேர்மனியின் எசன் நகரில் மார்ட்டின் வால்ஸ், நோயாளரைக் குப்புறக் கிடத்தி முதுகுப்புறமாகச் செல்லும் வழியைச் செம்மைப்படுத்தினார். மிகப் பெரிய கட்டிகளுக்கும் புற்றுநோய் ஐயமுள்ளவற்றுக்கும் இன்றும் திறந்த சத்திரசிகிச்சையே பெரும்பாலும் பொருத்தமானது.

இந்த வரலாறு மட்டக்களப்பு வாவியின் இருகரையாருக்கும் அந்நியமானதல்ல. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிரஷர் கிளினிக்குக்குப் போய்வருவோர் பலர். அவர்களில் இளவயதினரோ, பல மாத்திரைகளுக்கும் அழுத்தம் அடங்காதவரோ, தலையிடி, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீர் திடீரென வந்துபோகிறவரோ இருந்தால், அதிரீனலைப் பரிசோதிக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். தொடக்கப் பரிசோதனைக்கு இரத்தமும் சிறுநீரும் போதும்.