வாழை முடிக்கொத்து வைரஸ்

வாழையில் முடிக்கொத்து நோயை உண்டாக்கும் வைரஸ், நானோவிரிடே குடும்பத்தின் பாபுவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. இதன் துகள் 18 முதல் 20 நானோமீட்டர் குறுக்களவே உடையது. தாவர வைரஸ்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. 1970களில் திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில் சுமார் 18,000 எக்டேரில் இருந்த விருப்பாட்சி மலைவாழை, இந்த நோயால் ஏறத்தாழ 2,000 எக்டேராகச் சுருங்கியது.

நோய் கண்ட வாழையை அடையாளம் காண்பது கடினமன்று. இலைக்காம்பிலும் இலையின் பின்புற நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் விட்டுவிட்டுத் தெரியும். அந்தக் கோடுகள் நடுநரம்பைத் தொடுமிடத்தில் கொக்கிபோல் வளைந்திருக்கும். அடுத்தடுத்து வரும் இலைகள் குட்டையாக, விளிம்பு மஞ்சளித்து, விரியாமல் நிமிர்ந்து மரத்தின் தலையில் கொத்தாகக் கூடிவிடும். இளமையில் தாக்கப்பட்ட மரம் தார் போடாது. தார் வரும் பருவத்தில் தாக்கினால் காய் சிறுத்து, விற்பனைக்கு உதவாமல் போகும்.

வைரஸ் துகளின் உறை ஒரே வகைப் புரதத்தால் ஆனது. இருபது முகங்கள் கொண்ட வடிவில் அமைந்தது. வியப்புக்குரியது உறையன்று, உள்ளிருக்கும் மரபுப்பொருள். பெரும்பாலான வைரஸ்கள் தம் மரபணுத்தொகுதி முழுவதையும் ஒரே துகளில் அடைத்துவைக்கும். இந்த வைரஸோ அதை ஆறு தனித்தனி வளையங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒற்றையிழை டிஎன்ஏ. ஒவ்வொன்றுக்கும் தனி உறை. ஒரு வளையம் நகலெடுப்பைத் தொடங்கும் புரதத்துக்கும், இன்னொன்று உறைப் புரதத்துக்கும் குறிப்பு தருகிறது. வைரஸைச் செல்லுக்குச் செல் கடத்தும் புரதம், உட்கருவுக்குள்ளும் வெளியிலும் போக்குவரத்து செய்யும் புரதம், செல்லின் பிரிவுச் சுழற்சியைத் தூண்டும் புரதம் ஆகியவை வேறு மூன்றில் உள்ளன. ஆறாவது வளையத்தின் பணி இன்னும் தெளிவாகவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அவரை வைரஸில், வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு செல்களில் இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று பயன்படுகின்றன என்று பிரான்ஸின் மோன்பெலியே ஆய்வாளர்கள் 2019இல் காட்டினர். ஒரே செல்லுக்குள் எல்லாத் துண்டுகளும் சேர்ந்தால்தான் தொற்று நடக்கும் என்ற பழைய எண்ணம் அதனால் ஆட்டம் கண்டது.

வைரஸைச் சுமந்து வருவது வாழை அசுவினி. தண்டின் அடியிலும் இலையுறை இடுக்கிலும் குருத்திலும் எறும்புகள் சூழக் கூட்டமாக இருக்கும் இந்தப் பூச்சி, ஊசிபோன்ற வாயைத் தாவரத்தின் உணவுக்குழாயில் செருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. நோயுற்ற மரத்தில் சில மணிநேரம் உறிஞ்சினால் வைரஸ் அதன் குடல் சுவரைக் கடந்து, உடல் திரவம் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பியை அடையும். பூச்சிக்குள் வைரஸ் பெருகுவதாகத் தெரியவில்லை. ஆனால் நெடுநாள் தங்கியிருக்கும். அடுத்த மரத்தில் பூச்சி சாறு உறிஞ்சும்போது உமிழ்நீரோடு உள்ளே இறங்கிவிடும். அரிவாள் பட்டோ கைபட்டோ இந்த நோய் பரவுவதில்லை.

செல்லுக்குள் புகுந்ததும் டிஎன்ஏ வளையம் உட்கருவை அடைகிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி வைரஸிடம் சொந்தமாகக் கிடையாது. வாழைச் செல்லின் நொதியே ஒற்றையிழைக்கு இணையான மறு இழையை நெய்துகொடுக்கிறது. இரட்டையிழையான பின்தான் அதிலிருந்து ஆர்என்ஏவும் புரதங்களும் உருவாகும். பிறகு நகலெடுப்பைத் தொடங்கும் புரதம் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஓர் இழையை வெட்ட, மற்றோர் இழையைச் சுற்றிச்சுற்றிப் புதிய நகல்கள் இழுபடுகின்றன. ராட்டையில் நூல் இழுப்பது போன்ற இந்த முறைக்கு உருள்வட்டப் பெருக்கம் என்று பெயர். முதிர்ந்த செல்களில் நகலெடுக்கும் நொதிகள் ஓய்ந்திருக்கும். பிரிவுச் சுழற்சியைத் தூண்டும் புரதம் அவற்றை மீண்டும் முடுக்கிவிடுகிறது. புதிய நகல்கள் உறையணிந்து உணவுக்குழாய் வழியே குருத்துக்கும் கிழங்குக்கும் செல்கின்றன. தொற்றிய பின் தோன்றும் இரண்டாவது இலையிலிருந்துதான் அறிகுறி தெரிய வரும். அதற்குள் கிழங்கிலிருந்து கிளைக்கும் பக்கக்கன்றுகளும் நோயுற்றிருக்கும்.

இந்த ஒரு காரணத்தால் நோயின் வரலாறு கன்றுகளின் பயண வரலாறாகவே அமைந்தது. 1889இல் ஃபிஜியில் பதிவான நோய், 1913இல் ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. அசுவினியே அதைப் பரப்புகிறது என்பதை 1920களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மேகி நிறுவினார். காரணி ஒற்றையிழை டிஎன்ஏ வைரஸ் என்பது துலங்க 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்குள் நுழைந்த நோய், பின்னர் தமிழகத்துக்கும் வந்தது. அசுவினி பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் பறக்கும். கடலைத் தாண்டியது மனிதர் சுமந்த கன்று.

தமிழகத்தில் பெரும் அழிவு நேர்ந்த கீழ்ப்பழனி மலையில், பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரங்களில் காப்பிக்கு ஊடாக மலைவாழை மானாவாரியாக வளர்கிறது. கீழே சமவெளியில் நட்டு, அறுத்து, மறுபடி புதிதாக நடும் வழக்கத்துக்கு மாறாக, மலையில் ஒரே கட்டை பல ஆண்டுகள் மறுதாம்பு விட்டு நிற்கும். நோயுற்ற கட்டை அகற்றப்படாமல் நின்றால் ஆண்டுக்கணக்கில் அசுவினிக்கு வைரஸை ஊட்டிக்கொண்டிருக்கும். அழிவு அவ்வளவு பெரிதானதற்கு இந்தச் சாகுபடி முறைக்கும் பங்குண்டு. விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரு மலைவாழைகளுக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு உகந்த பழம் என்ற பெயர் விருப்பாட்சிக்கு உண்டு.

நோய்க்கு மருந்து இல்லை. எதிர்ப்புத்திறனுள்ள விருப்பாட்சியை ஆர்என்ஏ தடுப்பு முறையில் உருவாக்கும் முயற்சி கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளது; உழவர் கைக்கு அது வரவில்லை. திருச்சியில் 1993இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வைரஸைக் கண்டறியும் சோதனைகளை உருவாக்கியிருக்கிறது. வைரஸ் இல்லை என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றை நடுவதும், நோய் கண்ட மரத்தை முதலில் பூச்சியைக் கொன்றுவிட்டுக் கிழங்கோடு தோண்டி அழிப்பதும்தான் இன்றுள்ள வழிகள். பூச்சியைக் கொல்லாமல் வெட்டிச் சாய்த்தால், அசுவினி பக்கத்து மரத்துக்குக் குடிபோகும்.